மதுரைக்குப் போகாத சுரங்கம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் டி.வி.யில் சாமிக் கதை ஓடிக்கொண்டிருந்த காலம். இந்தியில்தான் ஓடும். எங்கள் தெருவில் ஒருத்தருக்கும் இந்தி தெரியாது. ஆனாலும் அந்த நேரத்தில் தெருவில் நாய்கூட நடக்காது. டி.வி. இருந்த வீட்டு வாசலில் செருப்பாகக் குவிந்து கிடக்கும். என்ன வருசம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்தக் கதைதான் எனக்கு அடையாளம்.

நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். என் பேச்சைப் படிக்கிற மாதிரி திருத்திப் போடுகிறேன் என்றாள், சரி என்றேன். மற்றவர்கள் பேசினதை மட்டும் பேசினபடியே போடு என்று சொல்லியிருக்கிறேன். அதில் கை வைத்தால் நடந்தது நடந்த மாதிரி இருக்காது.

போன வாரம் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். கழுத்தில் கேமரா. மலை, மண்டபம் என்று வெளியூர் ஆட்களைக் கூட்டிப்போய்க் காட்டுகிறார்களாம்.

"அய்யா, நீங்கதான மாடசாமி? லாட்ஜுல கைடா இருந்தவுக?"

"ஆமா."

"பாதாள மண்டபத்துக்குள்ள போன சாமி ஒருத்தர் மதுரையில வெளிய வந்தாருல்லா. அன்னைக்குக் கூட இருந்தது நீங்கதானாமே. அதைக் கொஞ்சம் பேசிக் குடுங்க. வாரவுக எல்லாரும் அதைத்தான் கேக்காவ."

வெற்றிலையைத் துப்பிவிட்டு வருகிறேன் என்று கொல்லைப்பக்கம் போனேன். வண்டிச் சத்தம் கேட்டு அவர்கள் போனது தெரிகிற வரைக்கும் அங்கேயே நின்றேன். அப்படி ஒரு ஆத்திரம். பிறகு யோசித்தால் பேசாமல் விட்டதுதான் தப்பு என்று பட்டது. நான் பேசாவிட்டாலும் அவர்கள் பேசிக்கொண்டேதான் இருப்பார்கள்.

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. சின்ன வயசில் மலையில் விளக்குமாற்றுப் புல் அறுத்தேன். தேன் எடுக்கிறவர்களோடு சுற்றினேன். பிறகு அய்யனார் கோவில் போகிற ரோட்டில் ஒரு மாந்தோப்பில் காவல் இருந்தேன். ராஜபாளையத்தில் லாட்ஜ் வைத்திருந்த முதலாளி அந்தத் தோப்பைக் குத்தகைக்கு எடுத்தபோது, மரங்களோடு சேர்த்து என்னையும் எடுத்துக்கொண்டார். நான் கைடு ஆனது அப்படித்தான். வேறு படிப்போ பயிற்சியோ கிடையாது.

லாட்ஜில் தங்குகிறவர்களில் பாதிப்பேர் மில்லுக்கு வந்தவர்கள். பஞ்சு விற்க வருவார்கள், மிசின் மாட்ட வருவார்கள். சனிக்கிழமையோடு வேலை நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க ரூமில் படுத்துக் கிடந்து, ஃபேன் சத்தம் போடுகிறது, மூட்டைப்பூச்சி கடிக்கிறது என்று குறை சொல்லுவார்கள். அந்தக் குறை தாங்காமல்தான் மேனேஜர் 'ஒருநாள் டூர்' ஆரம்பித்தார். காலையில் அய்யனார் கோவில் ஆற்றோரமாகப் பள்ளத்தாக்கில் ஏறி இறங்குவது. மத்தியானம் பாதாள மண்டபம். சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரில் கோபுரம் பார்த்துவிட்டுப் பால்கோவா.

மேனேஜரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கெட்டவர் இல்லை. என் மகளுக்குக் காய்ச்சல் என்றால் தன் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவர். ஆனால் அவரோடு வேலை பார்ப்பது என்பது முள் தைத்த காலோடு நடப்பது மாதிரி. வெயிலோ மழையோ கையில் குடை இருக்கும். எது நடந்தாலும், நடந்த பிறகு, "நான் சொல்லலை?" என்பார். வேன் பஞ்சர் ஆனால் நான் சொல்லலை. பஞ்சர் ஆகாமல் போய்ச் சேர்ந்தால் அதற்கும் நான் சொல்லலை. முன்னாடி என்ன சொன்னார் என்று ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது. டூர் வந்தால் முன் சீட்டு அவருக்கு. பள்ளத்தாக்கில் நடக்க மாட்டார், முழங்கால் வலி. கோவில் பக்கம் நிழலில் உட்கார்ந்திருப்பார். மண்டபத்துக்குள் இறங்க மாட்டார், மூச்சு முட்டுமாம். மேல் படியில் நின்றுகொண்டு, குடையால் கீழே காட்டி, தான் பார்த்தே இராத இடத்துக்குச் சரித்திரம் சொல்லுவார்.

பாதாள மண்டபம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். மலையடிவாரத்தில் ஒரு தனியார் தோப்பு. நடுவில் இடிந்துபோன கல்மண்டபம். அதன் மூலையில் படி இறங்கும். கீழே தூண் வைத்த ஒரு அறை. பழைய காலத்தில் யாரோ பாளையக்காரர் தானியம் கொட்டி வைக்கக் கட்டியது என்பார்கள். அறையின் பின்சுவரில் ஆள் குனிந்து போகிற மாதிரி ஒரு வழி உண்டு. அது கொஞ்ச தூரம் நேராகப் போய், ஒரு வளைவு வளைந்து, தோப்புக் கிணற்றின் பக்கச் சுவரில் போய் முடியும். அவ்வளவுதான். தலையை நீட்டினால் கீழே தண்ணீர், மேலே வானம். தானியம் புழுங்காமல் இருக்கக் காற்றுக்கு விட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். நான் அந்த முனையில் உட்கார்ந்து வெற்றிலை எச்சிலைக் கிணற்றில் துப்பியிருக்கிறேன். தோப்பைப் பார்த்துக்கொண்ட பேச்சியம்மாளிடம் அதற்கு ஏச்சும் வாங்கியிருக்கிறேன்.

ஆனால் வருகிறவர்கள் படி இறங்கின உடனே கேட்பது ஒன்றுதான். "இது மதுரை வரைக்கும் போகுமாமே?" பஞ்சு வியாபாரி கேட்பார், பாங்க் ஆபீசர் கேட்பார், பால்குடிப் பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கிற அம்மா கேட்பாள். "போகாதுங்க, கிணத்துல முடிஞ்சிரும்" என்பேன். உடனே முகம் சுண்டிப்போகும். நான்தான் வழியை அடைத்துவிட்ட மாதிரி என்னைப் பார்ப்பார்கள்.

ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டார்.

"ஏமய்யா மாடசாமி, கிணறு கிணறுன்னு சொல்லுதியாமே. கிணத்தைப் பாக்கவா அவிய அம்புட்டு தூரத்துல இருந்து வாராவ?"

"கிணத்துலதான முடியுது."

"முடியட்டும். அதை நீ ஏன் சொல்லுத? ராசா குதிரையில மதுரைக்குப் போன வழின்னு சொல்லு."

"குதிரை எப்படிப் போகும்? நானே குனிஞ்சுதான் போறேன்."

"அந்தக் காலத்துக் குதிரை சின்னதா இருந்திருக்கும்."

அதில் இருந்து நான் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை என்று இருந்துகொண்டேன். மேல் படியில் இருந்து குதிரையையும் ராசாவையும் அவரே ஓட்டிக்கொண்டார்.

மருமகள் விசயத்துக்கு வாங்க மாமா என்கிறாள். வருகிறேன். ஆனால் வேலை எப்படி நடந்தது என்று சொல்லாமல் விசயத்துக்கு வந்தால் ஒன்றும் புரியாது.

காலையில் கிளம்பும்போது புகையிலைத் தண்ணீர் ஒரு பாட்டில், அட்டை கடித்தால் தேய்க்க. பள்ளத்தாக்கில் நான்தான் முன்னால் போவேன். யானை லத்தி கிடந்தால் புறங்கையை வைத்துப் பார்ப்பேன். சூடு இருந்தால் அந்த இடத்திலேயே திரும்பிவிட வேண்டும், அதற்குப் பேச்சே கிடையாது. ஆற்றில் இறங்கிக் குளிக்கிறவர்கள் குளிக்கட்டும், நான் தண்ணீரை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பேன். தெளிந்த தண்ணீரில் சருகும் குச்சியும் மிதந்து வந்தால் மேலே மழை என்று அர்த்தம். வானம் வெளுத்துக் கிடந்தாலும் எல்லாரையும் கரையேற்றிவிடுவேன். "வெயில் அடிக்குதே, ஏன்யா விரட்டுற" என்று திட்டுவார்கள். திட்டு வாங்குவதும் வேலையில் சேர்த்திதான். மண்டபத்தில் முதலில் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டிப் படிவழியே இறக்குவேன். சுடர் மங்கினால் அன்றைக்கு யாரும் இறங்கக் கூடாது. உள்ளே வௌவால் உண்டு. அதனால் பீடி, சிகரெட் கூடாது. புகை பட்டால் அத்தனையும் கிளம்பிவிடும்.

அப்புறம் எண்ணுவது. கூட்டிப்போன ஆளை எண்ணித்தான் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஆடு மேய்க்கிறவனுக்கே தெரியும். முதல் டூரில் நான் விரல் நீட்டி எண்ணினேன். ஒரு அம்மா பிடித்துக்கொண்டாள்.

"ஏன் அண்ணாச்சி, பிள்ளைகளைப் போயி விரல் நீட்டி எண்ணுதிய? கண்ணு பட்டுச்சுன்னா நீங்களா வந்து பாப்பிய?"

மேனேஜருக்கும் அதே நம்பிக்கை. ஆளை எண்ணினால் ஒன்று குறையுமாம். அதனால் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். படி இறங்குகிற இடத்தில் ஒரு கல் கிடந்தது. பேச்சியம்மாள் அதற்கு மஞ்சள் பூசிப் பூ வைத்திருந்தாள். அதனால் எல்லாரும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள். திரும்ப ஏறி வந்து, மேலே ஒரு ஜோடிகூட மிச்சம் இல்லை என்றால் எல்லாரும் வந்தாகிவிட்டது. மேனேஜர் குடையால் தரையைத் தட்டி, "செருப்பு இல்லை, போகலாம்" என்பார். இதுதான் எங்கள் முறை. பொய் சொல்லக் கூடாது, ரொம்ப நாள் அது சரியாகத்தான் நடந்தது. ஒருதரம் இரண்டு ஜோடி மிஞ்சியது. கீழே போய்ப் பார்த்தால் தூணுக்குப் பின்னால் புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கார்த்திகை மாசம். மில்லில் மிசின் மாட்ட வந்த ஃபிட்டர் ஒருவர் டூருக்குப் பேர் கொடுத்திருந்தார். கோயமுத்தூர்க்காரர், பழனிச்சாமி என்று பேர். மலைக்கு மாலை போட்டிருந்தார். கறுப்பு வேட்டி, தாடி, தோளில் ஒரு துணிப்பை. மாலை போட்டவரைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம், நாங்களும் சாமி என்றே கூப்பிட்டோம். ராத்திரி மதுரைக்குப் போகிறவர். திங்கள்கிழமை காலையில் அங்கே ஒரு மில்லில் அவருக்கு வேலை. அவர் தவிர, குண்டூர்ப் பஞ்சு வியாபாரிகள் இரண்டு பேர். விருதுநகரில் வத்தல் மண்டி வைத்திருந்தவர் ஒருத்தர், தன் பெண்சாதி, பிள்ளைகள், வயசான அம்மாவோடு சொந்தக் காரிலேயே கூட வந்தார். ஆக வேன் ஒன்று, கார் ஒன்று. இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

கிளம்பும்போதே தாமதம். எங்கள் வேன் டிரைவர் சூசை, காலையில் சர்ச்சில் பூசை பார்த்துவிட்டு நேரே வந்து லாட்ஜ் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிட்டார். சாமிக் கதை முடியாமல் எழுந்திருக்க மாட்டார்.

"சூசை, நீரு வேதக்காரரு. உமக்கு என்னவே இதுல?"

"செத்த நேரம் பொறும். இன்னைக்கு அம்பு விடப் போறாரு."

அம்பு போய்ச் சேர்கிற வரைக்கும் எல்லாரும் காத்துக் கிடந்தோம். அதனால் பள்ளத்தாக்குக்குப் போகவே வெயில் ஏறிவிட்டது. ஆற்றில் இறங்கி அரை மணிகூட ஆகியிருக்காது, சருகு மிதந்து வந்தது. பின்னாலேயே ஒரு பச்சைக் கிளை. கரையேறுங்கள் என்றேன். மண்டிக்காரர் முணுமுணுத்தார். சாமி மட்டும் ஒன்றும் பேசாமல், மண்டிக்காரரின் அம்மாவைக் கைபிடித்துப் பாறை மேல் ஏற்றிவிட்டார். அப்படிப்பட்ட ஆள். இருக்கிற இடம் தெரியாது. கூட்டத்தில் இந்த மாதிரி ஆளைத்தான் தொலைப்பது சுலபம்.

மண்டபத்துக்கு வந்தபோது மலை கறுத்துவிட்டது. விளக்கை இறக்கிப் பார்த்தேன், சுடர் நன்றாக நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். மேனேஜர் மேல் படியில் நின்று, குடையை நீட்டி, அன்றைக்கு என்றைக்கும் இல்லாத உற்சாகத்தில் பேசினார். "பின்னாடி தெரியுது பாருங்க, அதுதான் வழி. நேரா மதுரை. நடுவுல எங்கயும் அடைப்பு கிடையாது. முன்னால போயிக்கிட்டே இருக்கலாம்."

நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

அறைக்குள் ஒரு தூணில் தேய்ந்துபோன உருவம் ஒன்று உண்டு. என்ன சாமி என்று யாருக்கும் தெரியாது. அவர்கள் எல்லாம் மேனேஜர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்க, கோயமுத்தூர்க்காரர் அந்தத் தூணுக்கு முன்னால் போய் மடியில் இருந்து சூடத்தை எடுத்துக் கொளுத்திவிட்டார். பையை வேனில் வைக்க என்னிடம் கொடுத்திருந்தார், இறங்குமுன் சூடத்தையும் தீப்பெட்டியையும் மட்டும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார் போல. நான் வாசனையைத்தான் முதலில் பிடித்தேன். திரும்பிப் பார்ப்பதற்குள் புகை கூரையைத் தொட்டுவிட்டது.

வௌவால்கள் மொத்தமாக இறங்கின. பிள்ளைகள் அலறின. குண்டூர்க்காரர் ஒருத்தர் என் கை விளக்கில் மோதி அது விழுந்து அணைந்தது. மண்டிக்காரரின் அம்மா படியில் உட்கார்ந்துவிட்டாள். மேலே இருந்து மேனேஜர், "மாடசாமி, அம்மாவைத் தூக்கு, அம்மாவைத் தூக்கு" என்று கத்தினார். தூக்கிக்கொண்டு ஏறினேன். இறக்கி வைத்துவிட்டு மறுபடி பாதிப் படி இறங்கி டார்ச் அடித்தேன். அறை காலி. "யாரு இருக்கீங்க" என்று கூப்பிட்டேன். சத்தம் இல்லை. அதற்குள் மழை வேறு பிடித்துக்கொண்டது. அவரவர் செருப்பை அள்ளிக்கொண்டு, எது கிட்டே நின்றதோ அந்த வண்டியில் ஏறிவிட்டார்கள். மழையில் யார் எதில் ஏறினார்கள் என்று நான் பார்க்கவில்லை, சாமி காரில் ஏறிவிட்டார் என்றே நினைத்துக்கொண்டேன். மேனேஜர் குடையைத் தட்டினார்.

"செருப்பு இல்லை. போகலாம்."

பேச்சியம்மாள் படியின் கம்பிக்கதவைச் சாத்திப் பூட்டினாள். அது அவள் வழக்கம், ஆடு விழுந்துவிடும் என்று.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை வாசலில் இரண்டு வண்டியும் நின்றன. எல்லாருக்கும் இலையில் வைத்துக் கொடுத்தார்கள். குடிக்கத் தண்ணீர் எடுக்க வேனுக்குள் ஏறினேன். பின் சீட்டில் துணிப்பை இருந்தது.

"மேனேஜர், அந்தக் கோயமுத்தூர் சாமி எங்க?"

"கார்ல வந்திருப்பாரு."

மண்டிக்காரர் பெண்சாதி திரும்பினாள். "எங்க கார்லயா? குண்டூர்க்காரவுகதான் எங்க கார்ல வந்தாவ. சாமி வேன்லலா வந்தாரு."

"அப்ப கோவிலுக்குப் போயிருப்பாரு" என்றார் மேனேஜர். "மாலை போட்டவரு இந்த ஊருக்கு வந்துட்டு கோவிலுக்குப் போகாம இருப்பாரா? பையை வச்சிட்டுப் போயிருக்காரு."

"வேன்ல இருந்து அவரு இறங்கி நான் பாக்கலையே."

"மண்டபத்துல ஒரு செருப்பு மிச்சம் இல்லை. நானே பாத்தேன். பொறவு என்ன?"

"அவரு கால்ல செருப்பே கிடையாது மேனேஜர்."

மேனேஜர் என் காலைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். பால்கோவா இலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். மாலை போட்டவன் செருப்பு போட மாட்டான் என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்ததை நேரத்துக்கு நினைக்காவிட்டால் என்ன பிரயோசனம்.

அப்போதாவது ஓடுவார் என்று பார்த்தேன். "கெஸ்டுகளை முதல்ல லாட்ஜுல கொண்டு விட்டுட்டு, பொறவு நிதானமா..." என்று ஆரம்பித்தார். மண்டிக்காரர் பெண்சாதிதான் அடித்துப் பேசினாள்.

"எங்களை இங்கன விட்டுட்டுப் போங்க. பால்கோவாக் கடைதான, எங்களைத் தின்னுருமா? மனுசன் பொந்துக்குள்ள கிடக்கான், நிதானமாம் நிதானம்."

சூசை ஏற்கனவே வண்டியைத் திருப்பி வைத்திருந்தார்.

தோப்பில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மலையில் இருந்து வரும் வாய்க்கால் நிரம்பி, கரை உடைந்து, தோப்புக் கிணற்றுக்குள் சரிந்துகொண்டிருந்தது. அந்தக் கிணற்றில் தண்ணீர் ஏறினால் முதலில் நுழைவது சுரங்கத்துக்குள்தான். பேச்சியம்மாள் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு எதிரே வந்தாள்.

"சாவியைக் குடு."

"பொறுங்க அண்ணாச்சி, ஒரு அதிசயம் கேளுங்க. கிணத்துக்குள்ள இருந்து சரணம் கேக்கு."

"எப்ப இருந்து?"

"நீங்க போன செத்த நேரத்துல இருந்து."

"எட்டிப் பாத்தியா?"

"சாமி சத்தத்தைப் போயி எட்டிப் பாப்பாகளா? விழுந்து கும்பிட்டேன்."

"அது மனுசன், பேச்சி."

"மனுசன் எப்படி அண்ணாச்சி கிணத்துச் செவத்துல இருப்பான்?"

அவளோடு வாதாட நேரம் இல்லை. சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். மேனேஜர் பின்னால் வந்து மேல் படியில் நின்றார். சூசை அறை வரைக்கும் கூட வந்து விளக்கைப் பிடித்தார். பின்சுவர் வழியில் நான் குனிந்து நுழைந்தேன். காலில் தண்ணீர் பட்டது. கொஞ்சம் போனதும் கணுக்கால் வரை ஏறியது. குளிர்ந்த தண்ணீர், வருகிற வேகம் காலில் தெரிந்தது. வளைவு திரும்பினேன். முனையில் வெளிச்சம் சாம்பல் மாதிரி இருந்தது. அதில் ஒரு ஆள் சுவரோடு சுவராக ஒட்டி உட்கார்ந்திருந்தார். அவருடைய ஒரு கால் கிணற்றின் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றித் தண்ணீர் சுழன்றது.

"சாமி, காலை எடுங்க. மெல்லத் திரும்புங்க."

அவர் திரும்பவில்லை. தலையை மட்டும் சாய்த்தார்.

"ஏனுங்க, நான் மதுரைப் பக்கம் வந்துட்டேனுங்களா?"

"இது பேச்சியம்மா தோப்புக் கிணறு" என்றேன்.

"வௌவாலு வந்ததும் தூணுக்குப் பின்னால துண்டைப் போத்திக் குப்புறப் படுத்துட்டனுங்க, ஒண்ணும் காதுல விழலீங்க. எந்திரிச்சா ஒரே இருட்டு. தீப்பெட்டி எங்கியோ விழுந்துருச்சு. ஒரு பக்கம் காத்து வந்துதுங்க. திரும்பி வந்த வழி தெரியல. சரி, முன்னால போனா வழி இருக்குன்னு அவரு சொன்னாருங்களே, அடைப்பே இல்லைன்னு. அதான் முன்னால வந்துட்டேன்."

"சூடம் கொளுத்தலாமா சாமி? புகை ஆகாதுன்னு சொன்னேன்ல?"

"பீடி குடிக்கக் கூடாதுன்னு தானுங்க சொன்னீங்க. சூடம் புகையாங்க?"

அந்த இடத்தில் நின்று, தண்ணீர் முழங்காலைத் தொடும்போது, சூடம் புகையா இல்லையா என்று பேசிக்கொண்டிருந்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. அவருக்கு ஒரு பாதம் கல்லில் கிழிந்திருந்தது. கால் ஊன்ற முடியவில்லை. பின்பக்கமாக இழுத்துத் திருப்பி, என் இடுப்பைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, முட்டி போட்டே அறை வரைக்கும் வந்தோம். வழி நெடுக அவர் சரணம் சொன்னார். நான் மேனேஜரைத் திட்டிக்கொண்டு வந்தேன். இரண்டும் சேர்ந்து அந்தச் சுரங்கத்துக்குள் எப்படிக் கேட்டிருக்கும் என்று சூசை பிற்பாடு ரொம்ப நாள் நடித்துக் காட்டுவார்.

ஏறி வந்ததும் மேல் படியில் குடை விரிந்து நின்றது.

"பத்திரமா வந்துட்டாரு பாத்தியா" என்றார் மேனேஜர். "நான் சொல்லலை?"

சாமி அவரைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்குக் கும்பிட வரவில்லை.

நாங்கள் வெளியே வந்து வேட்டியைப் பிழிந்துகொண்டிருக்கும்போதே கிணற்றில் அந்த முனை தண்ணீருக்குள் போய்விட்டது. பேச்சியம்மாள்தான் எட்டிப் பார்த்துச் சொன்னாள். அதற்கு மட்டும் எட்டிப் பார்த்தாள்.

லாட்ஜில் ராத்திரி தங்கிவிட்டுப் போங்கள் என்று எவ்வளவோ சொன்னோம். அவர் கேட்கவில்லை. காலையில் மில்லில் மிசின் காத்திருக்கும் என்றார். என் துண்டைக் கிழித்துக் காலில் கட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். மறுநாள் காலையில் அங்கே இருந்து லாட்ஜுக்குப் போன் போட்டார், நல்லபடியாக வந்து சேர்ந்தேன், கவலைப்பட வேண்டாம் என்று. போன் எடுத்த கிளார்க் லாட்ஜ் முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தம் போட்டான். "மண்டபத்துக்குள்ள போன சாமி மதுரையில இருந்து பேசுதாரு." அந்த நேரம் பார்த்து, தேங்காய் போட வந்த பேச்சியம்மாள் வாசலில் நின்றிருந்தாள். அவள் கிணற்றில் சரணத்தைக் கேட்டவள். இப்போது மதுரையில் இருந்து போன். அவளுக்கு வேறு என்ன வேண்டும். பொழுது சாய்வதற்குள் சந்தை முழுக்கச் சொல்லிவிட்டாள்.

நான் மறுத்துச் சொன்னேன். பஸ்ஸில் போனார் என்றேன். "உனக்குப் பொறாமை" என்றார்கள்.

மேனேஜர் மாறுவார் என்று நினைத்தேன். மாறினார். அடுத்த டூருக்கு லாட்ஜ் குளியலறைகளில் கிடந்த ரப்பர் செருப்புகளை ஒரு சாக்கில் கட்டி வேனில் ஏற்றினார்.

"இது எதுக்கு?"

"செருப்பு இல்லாம வாரவுகளுக்கு. ஆளுக்கு ஒரு ஜோடி குடு. படியில வரிசையா போட்டுட்டு இறங்கட்டும்."

"போட மாட்டாங்களே, மாலை போட்டவுக."

"கால்ல யாரு போடச் சொன்னா? கையில கொண்டு வந்து வச்சாப் போதும்."

ஒரு ஆள் சாகப் பார்த்த பிறகும் செருப்பைத்தான் எண்ணுவேன் என்கிறார். நான் என் வழியில் போனேன். ஆளை எண்ணக் கூடாது, சரி. ஊரைக் கூப்பிடுவேன். படி இறங்கும்போதும் ஏறின பிறகும் சத்தமாக, "கோயமுத்தூர் இருக்கா, குண்டூர் இருக்கா, விருதுநகர் அம்மா இருக்காவளா" என்பேன். இருக்கிறோம் என்று குரல் வர வேண்டும். குரல் வராமல் வண்டியை எடுக்க விடமாட்டேன். மேனேஜர் பக்கத்தில் நின்று ரப்பர் செருப்பைப் பார்த்துக்கொள்வார். அப்படியே வருசங்கள் போயின. பிறகு காட்டுக்குள் போக விதிகள் கடுமையாகின, தோப்பும் கைமாறியது, டூரும் நின்றது. நானும் நின்றேன்.

இப்போது அந்தப் படிக்குக் கம்பிக்கதவு இல்லையாம். யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்களாம், இறங்கி, சாமி போன வழி இதுதானா என்று உள்ளே தலையை விடுகிறார்களாம். இதைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கிணறு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அதனால் இதைப் படிக்கிறவர்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும். அந்தப் பக்கம் போகிறவர்கள் யாரைப் பார்த்தாலும், அந்த மோட்டார் சைக்கிள் ஆட்களைப் பார்த்தால் முக்கியமாக, சொல்லிவிடுங்கள். உள்ளே வெளிச்சம் போனால் இருந்த இடத்திலேயே உட்கார்ந்து சத்தம் போட வேண்டும். காற்று வருகிற பக்கம் போகக் கூடாது, அங்கே கிணறு. முன்னால் வழி இல்லை. வெளியே நிற்கிறவர்களுக்கும் சொல்லுங்கள், கிணற்றில் குரல் கேட்டால் கும்பிடுவதை அப்புறம் வைத்துக்கொண்டு முதலில் எட்டிப் பார்க்க வேண்டும். சாமி மதுரைக்குப் போனாரா என்று கேட்டால், போனார் என்றே சொல்லுங்கள். ஜன்னலோரம் இடம் பிடித்து உட்காரவைத்தது நான்தான். கண்டக்டர் வந்ததும் டிக்கெட் எடுத்துத்தான் போனார்.